எத்தனை அடி என்று கேட்க முன், எத்தனை கம்பி என்று கேளுங்கள்

பதிவு கொஞ்சம் நீளம்தான். பாடசாலை மைதானத்தில் இரும்புக் கோபுரம் ஒன்றை நடுவதைப் பற்றிய விடயம் என்பதால் பொறுமையாக வாசியுங்கள்.

ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் வானொலியைப் பற்றி எங்காவது பேச்சு எழுந்தால் எம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி "டவர் எத்தனை அடி?" என்பதுதான். அறுபது அடி என்றால் முகம் மலரும். நூறு அடி என்றால், வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்களிடம் பணம் கேட்கும் யோசனையும் உடனே வந்துவிடும். அந்த டவரை எது பிடித்துக்கொண்டு நிற்கப் போகிறது, காற்று அதைத் திருகினால் என்ன நடக்கும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. எமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். திருகலைத் தாங்கும் கட்டு இல்லாத உயர்ந்த டவர் எமது ஊர்களுக்கு வேண்டாம். அந்தக் கட்டைச் செய்ய வசதி வரும் வரை 10 மீற்றர் கம்பமும் ஒரு கம்பி அன்டனாவும் போதும்.

ஹாம் ரேடியோவே எதற்கு என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. 1978 நவம்பர் 23ஆந் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை வைத்து வயதுக் கணக்குப் பார்க்கும் மூத்தம்மாமார் இன்னும் எமது ஊர்களில் இருக்கிறார்கள். தென்னைகள் கூட்டம் கூட்டமாகச் சரிந்தன, கூரைகள் பறந்தன, பாதைகள் அடைபட்டன. 2004 டிசம்பர் 26ஆந் திகதி சுனாமி வந்தபோதும் கரையோரங்களின் தொடர்புகள் அறுந்து போயின. அந்த நாட்களில் விக்டர் குணதிலக்க போன்ற இலங்கை வானொலிச் சங்கத்து அமெச்சூர்கள் அம்பாந்தோட்டையைச் சிற்றலை வானொலி மூலம் கொழும்போடு இணைத்தார்கள். அதே நேரம் அந்தமானின் போர்ட் பிளேயரில், உலகெங்கும் உள்ள அமெச்சூர்களோடு பேசுவதற்காக வந்திருந்த இந்தியாவின் பாரதி பிரசாத்தும் அவரது குழுவினரும், கொண்டுவந்த கருவிகளைக் கொண்டே அவசரச் செய்திகளைக் கரைக்கு அனுப்பினார்கள். ஒரு வானொலிப் பெட்டி, ஒரு கார் பெற்றரி, ஒரு அன்டனா. தூரத்தோடு பேச இவ்வளவும் போதும். நடுவில் எவரது கோபுரமும் கேபிளும் தேவையில்லை.

யுத்த காலத்தில் வளர்ந்த எமது தலைமுறைக்கு அன்டனா என்றாலே முகாம்தான் நினைவுக்கு வரும். அந்தத் தயக்கம் இப்போது கழன்று வருவது நல்ல விடயம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சையில் சித்தியடைந்து, அனுமதிப்பத்திரம் பெற்று, சட்டப்படி பேசலாம். ஆக, ஹாம் ரேடியோ வேண்டும் என்பதில் எமக்கு இரண்டாம் கருத்து இல்லை. எமது கவலையெல்லாம் அதைத் தூக்கி நிறுத்தும் இரும்பைப் பற்றியது.

முக்கோண வடிவில், மூன்று கால்களோடு, ஏணி போன்ற குறுக்குக் கம்பிகளோடு வரும் மெல்லிய டவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் ஏறத்தாழ ஓர் அடி அகலம்தான் இருக்கும். அது தானாக நிற்காது. மூன்று திசைகளிலும் இழுத்துக் கட்டும் ஸ்டே கம்பிகள்தான் அதை நிறுத்துகின்றன. போலந்தில் 646 மீற்றர் உயரமான வானொலிக் கம்பம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் உலகிலேயே உயரமான கட்டுமானம் அதுதான். 1991 ஆகஸ்ட் 8ஆந் திகதி அதன் ஸ்டே கம்பிகளை மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தபோது அது வளைந்து, முறிந்து விழுந்தது. 646 மீற்றர் இரும்பு நின்றதும் கம்பியால்தான், விழுந்ததும் கம்பி வேலையின்போதுதான்.

சாய்ந்து விழாமல் இருக்க மூன்று கம்பி வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். மறந்து போவது திருகல். டவரின் உச்சியில் யாகி என்ற பீம் அன்டனாவை ஏற்றுகிறோம். 14 மெகாஹேர்ட்ஸுக்கு என்றால் அதன் குறுக்குக் குழாய்கள் ஒவ்வொன்றும் 10, 11 மீற்றர் நீளம் வரும். அதைத் திருப்ப ஒரு மோட்டார் இருக்கும். காற்று வரும்போது அன்டனாவின் இரண்டு பக்கமும் ஒரே அளவில் தள்ளப்படுவதில்லை. ஒரு பக்கம் கூடத் தள்ளப்பட்டால் உச்சி சுற்றப் பார்க்கும். மோட்டார் திடீரென நின்றாலும் அப்படித்தான். சுற்றிக்கொண்டிருந்த பாரம் அந்த உதறலை டவருக்குக் கொடுக்கும். அந்த உதறல் காலம் முழுக்க நடக்கும். ஒருநாள் ஒரு போல்ட் தளரும், இன்னொரு நாள் ஒரு வெல்டிங் வெடிக்கும். பிறகு ஒரு காற்று வரும்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். காற்றின் வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்காகும், மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும். மணிக்கு 50 கிலோமீற்றர் காற்று ஒரு சதுர மீற்றரில் சுமார் 12 கிலோ பாரம் அளவுக்குத் தள்ளும். 100 என்றால் சுமார் 48 கிலோ. 150 என்றால் சுமார் 108 கிலோ. இனி, அன்டனாவின் ஒரு பக்கத்தில் கால் சதுர மீற்றர் பரப்பு கூடுதலாக இருக்கிறது, அது கம்பத்திலிருந்து 2 மீற்றர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கிலோமீற்றர் காற்றில் அங்கே 12 கிலோ தள்ளும். 2 மீற்றரால் பெருக்கினால் 24. மெல்லிய டவரின் நடுவிலிருந்து காலுக்கு உள்ள தூரம் 18 சென்ரிமீற்றர்தான். அந்தச் சிறிய தூரத்தில் நின்று இந்தத் திருகலை மறிக்க சுமார் 133 கிலோ விசை வேண்டும். அதே பிடியை 60 சென்ரிமீற்றர் தள்ளி வைத்தால் 40 கிலோ போதும். பத்தாம் தரத்தில் விசையின் திரும்பல் விளைவு என்று படிப்பிக்கிறோமே, அதுதான் இது. பிணைச்சலுக்குப் பக்கத்தில் கை வைத்துக் கதவைத் தள்ளிப் பாருங்கள், பிறகு கைபிடியில் தள்ளிப் பாருங்கள். வித்தியாசம் கையிலேயே தெரியும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மூன்று ஸ்டே கம்பிகளும் டவரின் நடுவை நோக்கியே இழுக்கின்றன. நடுவை நோக்கி இழுக்கும் கம்பி, சாய்வதைத் தடுக்கும். சுற்றுவதை ஆரம்பத்தில் அது தடுப்பதே இல்லை. டவர் ஓரளவு திரும்பிய பிறகுதான் கொஞ்சம் மறிக்கும்.

இதை வகுப்பில் பத்து நிமிடத்தில் செய்து காட்டலாம். ஒரு தும்புத்தடிக் கம்பை நிலத்தில் ஊன்றுங்கள். உச்சியில் மூன்று கயிறுகளைக் கட்டி, மூன்று பிள்ளைகளை மூன்று திசைகளில் நின்று இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். கம்பைச் சாய்க்கப் பாருங்கள், சாயாது. இப்போது கம்பை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மத்தைப் போல உருட்டுங்கள். எளிதாகச் சுற்றும். அடுத்ததாக, உச்சியில் ஒரு முக்கோணப் பலகையை ஆணியடித்து இறுக்குங்கள். ஒவ்வொரு பிள்ளையும் பலகையின் ஒரு பக்கத்துக்கு நேரே நிற்கட்டும். அந்தப் பக்கத்தின் இரண்டு மூலைகளிலிருந்தும் இரண்டு கயிறுகள் அந்தப் பிள்ளையின் கைக்கு வரட்டும். மொத்தம் ஆறு கயிறு. இப்போது உருட்டிப் பாருங்கள். கம்பு அசையாது. ஒரு பக்கம் திரும்பினால் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு கயிறு இறுகும், மற்றது தளரும். இறுகும் மூன்று கயிறும் சேர்ந்து கம்பைப் பழைய இடத்துக்கே கொண்டுவரும். ஒற்றைக் கயிற்றில் தொங்கும் ஊஞ்சல் சுழலும், இரட்டைக் கயிற்று ஊஞ்சல் சுழலாது. அதே சூத்திரம்தான்.

டவர் வேலையில் அந்த முக்கோணப் பலகைக்குப் பதிலாக, கால்களிலிருந்து வெளியே நீளும் இரும்புக் கைகளைப் பூட்டுவார்கள். ஒரு நங்கூரத்திலிருந்து இரண்டு கம்பி, மூன்று நங்கூரத்துக்கு ஆறு கம்பி. அன்டனாவுக்குக் கீழே உள்ள மேல்மட்டக் கட்டிலாவது இது கட்டாயம் இருக்க வேண்டும் என்பது எமது நிலைப்பாடு. கூடுதல் செலவு மூன்று கம்பியும் ஒரு தொகுதி இரும்புக் கையும்தான். டவருக்குப் பணம் தேடத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய தொகையல்ல.

1940 நவம்பர் 7ஆந் திகதி அமெரிக்காவின் டகோமா நெரோஸ் பாலம் இடிந்ததைப் பௌதிகவியல் படித்தவர்கள் அறிவார்கள். அன்றைய காற்று மணிக்கு 64 கிலோமீற்றர் அளவில்தான். அதைவிடப் பலமான காற்றைத் தாங்கும் என்று கணக்கிட்டுக் கட்டிய பாலம் அது. தளம் இடமும் வலமுமாகத் திருகி ஆடத் தொடங்கியது, கடைசியில் அறுந்து விழுந்தது. பொறியியலாளர்கள் கட்டிய பாலத்துக்கே அந்த நிலை என்றால், ஊர் வெல்டிங் கடையில் செய்து முடிக்கும் டவரைப் பற்றி நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டாமா?

கம்பி ஆறாக இருந்தால் மட்டும் போதாது. இழுவையும் சரியாக இருக்க வேண்டும். தளர்ந்த கம்பி, டவர் திரும்பி முடிந்த பிறகுதான் வேலை செய்யத் தொடங்கும். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் டவரைக் கீழ்நோக்கி அமுக்கி நெளித்துவிடும். பொது விதி, கம்பி அறும் பாரத்தின் பத்தில் ஒரு பங்கு. கால் அங்குல உயர்வலுக் கம்பி ஏறத்தாழ 3,000 கிலோவில் அறும் என்றால், 300 கிலோ இழுவையில் நிறுத்த வேண்டும். மூன்று திசையிலும் ஒரே அளவு இருக்க வேண்டும். காற்று இல்லாத காலை நேரத்தில், கையால் ஆட்டிப் பார்த்து ஊகிக்காமல், அளவுகருவி வைத்துச் செய்யும் வேலை இது. இறுக்கும் டர்ன்பக்கிள்களின் ஊடாக ஒரு கம்பியைக் கோர்த்துப் பூட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் காற்றின் அதிர்வில் அவை தாமாகவே கழன்று வரும். கிளாம்ப் போடும்போது நட்டு இருக்கும் பக்கம் பாரம் தாங்கும் நீளக் கம்பியிலும், வளைந்த பக்கம் வெட்டிய குட்டை முனையிலும் அமர வேண்டும். மாறிப் போட்டால் பாரம் தாங்கும் கம்பியே நசுங்கும்.

இனி எமது மண்ணுக்கு வருவோம். வெளிநாட்டுக் கையேட்டில் உள்ளதை அப்படியே இங்கே செய்ய முடியாமைக்குச் சில காரணங்கள் உள்ளன.

முதலாவது, இடம். நங்கூரத்தை டவர் உயரத்தில் 80 வீதம் தள்ளிப் புதைப்பது வழக்கம். 30 மீற்றர் டவருக்கு 24 மீற்றர். மூன்று திசையிலும் அவ்வளவு வேண்டும் என்றால், 48 மீற்றர் விட்டமுள்ள வட்டம் ஒன்று வெறுமையாக இருக்க வேண்டும். காத்தான்குடி போன்ற நெருக்கமான ஊரில் 10 பேர்ச் காணி என்பது ஏறத்தாழ 16 மீற்றருக்கு 16 மீற்றர். அதில் வீடும் கிணறும் மதிலும். இடம் இல்லையென்று கம்பியைச் செங்குத்தாக இறக்கினால் அது டவரை அமுக்குமே தவிரப் பிடிக்காது. ஆகவே உயர்ந்த டவர் என்பது எமது ஊரில் தனி வீட்டு வேலை அல்ல. மைதானம் உள்ள பாடசாலை போன்ற பொது இடத்தில், ஊருக்கு ஒன்று என்று, எல்லோரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.

இரண்டாவது, மணல். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எமது நிலம் மணல் நிலம். நான்கடி இரும்புக் கம்பியை அடித்து இறக்கி அதை நங்கூரம் என்று சொல்ல முடியாது. கொங்கிரீட் கட்டையைத்தான் புதைக்க வேண்டும். அதிலும் ஒரு விடயம். ஒரு கன மீற்றர் கொங்கிரீட் 2,400 கிலோ. கார்த்திகை, மார்கழியில் நிலத்தடி நீர் மேலே வந்து கட்டை மூழ்கினால் அதன் பாரம் 1,400 கிலோவாகத்தான் நிற்கும். காற்றும் அதே மாதங்களில்தான் வருகிறது. கோடையில் உறுதியாக இருந்த நங்கூரத்தை மாரிக் கணக்கில் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, உப்பு. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் உவர்நீர் வாவி. கல்வனைஸ் பூச்சு இங்கே சீக்கிரம் போய்விடும். வெளியே தெரியும் கம்பியைவிட மண்ணுக்குள் இறங்கும் தடிதான் முதலில் அரிக்கும். வருடத்துக்கு ஒரு தடவை, ஒக்டோபருக்கு முன், அந்த இடத்தை ஓர் அடி ஆழம் தோண்டிப் பார்க்க வேண்டும்.

நான்காவது, எமது பழக்கம். எதையும் தென்னையில் கட்டுவது எமக்குக் கைவந்த வேலை. தென்னை காற்றில் ஆடும் மரம். அதில் கட்டிய ஸ்டே, மரம் ஆடும் ஒவ்வொரு தடவையும் டவரை இழுத்து விடும். 1978இல் அந்தத் தென்னைகளே நிற்கவில்லை. அதேபோல் மீனவர்களிடம் வாங்கும் நைலோன் கயிறு. வள்ளத்துக்கு அது நல்ல கயிறு, இழுபட்டு நீண்டு கொடுப்பதுதான் அதன் குணம். ஸ்டேக்கு அந்தக் குணமே ஆகாது. நீண்டு கொடுக்கும் கயிறு திருகலை மறிக்காது.

சிலர் கேட்பார்கள், "கைத்தொலைபேசி டவர்களுக்குக் கம்பி இல்லையே?" என்று. அவற்றில் பெரும்பாலானவை அகன்ற அடியும் தடித்த கால்களும் ஆழமான அத்திவாரமும் உள்ளவை. அந்த இரும்புக்கும் கொங்கிரீட்டுக்கும் ஆகும் செலவைப் பாடசாலை தாங்காது. மெல்லிய டவரை வாங்கிவிட்டு, தடித்த டவரைப் போல் நிற்கச் சொல்வது நியாயமில்லை.

"அப்படியென்றால் எதுவுமே செய்யாமல் இருப்பதா?" என்றும் கேட்கலாம். செய்யலாம். அனர்த்த நேரத்தில் எமக்குத் தேவை பிரேசிலோடு பேசுவதல்ல. கொழும்போடு, கண்டியோடு, திருகோணமலையோடு பேச வேண்டும். கொழும்பு இங்கிருந்து நேர்கோட்டில் 200 கிலோமீற்றருக்குச் சற்று மேல். அதற்கு 7 மெகாஹேர்ட்ஸில் 20 மீற்றர் நீளக் கம்பி அன்டனா போதும். அதன் அலைநீளம் 40 மீற்றர். நிலத்திலிருந்து கால் அலைநீளம், அதாவது 10 மீற்றர் உயரத்தில் அந்தக் கம்பியைக் கட்டினால், அலை ஏறத்தாழ நேர் மேலே போய் வானத்தின் அயனிப் படையில் பட்டு, நாடு முழுக்க இறங்கும். இந்தத் தேவைக்கு உயர்ந்த பீமைவிடத் தாழ்ந்த கம்பியே நல்லது. அந்தக் கம்பிக்கு மோட்டார் இல்லை, நீண்ட குழாய்கள் இல்லை, காற்றுப் பிடிக்கும் பரப்பும் இல்லை. திருகல் என்ற பிரச்சினை பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. 10 மீற்றர் கம்பத்துக்கு நங்கூரம் 8 மீற்றர் தள்ளி இருந்தால் போதும்.

கிட்டிய ஊர்களோடு பேசும் கையடக்க வானொலிக்கு உயரம் வேண்டும் என்பது உண்மை. அந்த அலை நேர்பார்வையில்தான் போகும். இரண்டு பக்கமும் 10 மீற்றர் கம்பம் இருந்தால் சமநிலத்தில் சுமார் 26 கிலோமீற்றர் எட்டும். காத்தான்குடியிலிருந்து ஏறாவூருக்கு அது தாராளம். ஓட்டமாவடிக்கு இடையில் ஒரு நிலையம் வைத்துக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் 30 மீற்றர் என்றால் சுமார் 45 கிலோமீற்றர். அந்த மேலதிகத் தூரம் வேண்டுமா, அதற்கான கட்டை ஒழுங்காகச் செய்யவும் பராமரிக்கவும் எம்மால் முடியுமா என்பதைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் உட்கார்ந்து பேசித் தீர்மானிக்கட்டும். முடியும் என்றால் நாமும் கை கொடுப்போம். முடியாது என்றால் 10 மீற்றரோடு நிற்பதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை.

பாடசாலையில் வைப்பதென்றால் பிள்ளைகளையும் நினைக்க வேண்டும். மைதானத்தின் குறுக்கே வரும் ஸ்டே கம்பி, ஓடி வரும் பிள்ளையின் கழுத்து உயரத்தில் இருக்கும். ஆளுயரம் வரை அதற்கு மஞ்சள் பீவீசீ குழாய் போட்டு மூட வேண்டும். டவரின் அடியில் ஏற முடியாதபடி வேலி வேண்டும். விழுந்தாலும் மின்கம்பியில் படாத தூரம் வேண்டும். இடி மின்னலுக்கு நில இணைப்பு வேண்டும். இவை எதுவும் திறப்பு விழாப் படத்தில் தெரியாது. படத்தில் தெரிவது உயரம்தான். அதனால்தான் எல்லோரும் உயரத்துக்குப் பணம் கொடுக்கிறார்கள்.

"அல்லாஹ் பாதுகாப்பான்" என்று சொல்லி இந்த வேலைகளைக் கடந்து போவதை நாம் ஏற்கவில்லை. ஒட்டகத்தை முதலில் கட்டு, பிறகு தவக்குல் வை என்பதுதான் நபி (ஸல்) அவர்கள் எமக்குக் கற்றுத் தந்த பாடம். கட்டுவது எமது வேலை. அதை ஒழுங்காகக் கட்டுவதும் எமது வேலை.

எனவே பழைய மாணவர் சங்கங்களுக்கும் வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். டவருக்கு உதவி கேட்டு யாராவது வந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மேல்மட்டத்தில் ஆறு கம்பியா, மூன்று கம்பியா? நங்கூரக் கட்டை மாரி நீரைக் கணக்கில் எடுத்ததா? வருடாவருடம் அதைப் பரிசோதிக்கப் பொறுப்பானவர் யார்? மூன்றுக்கும் பதில் இருந்தால் தாராளமாகக் கொடுங்கள். பதில் இல்லையென்றால் அந்தப் பணத்தில் பத்துப் பிள்ளைகளுக்கு அமெச்சூர் பரீட்சைக்கு வகுப்பு நடத்தச் சொல்லுங்கள், 10 மீற்றர் கம்பம் ஒன்றையும் நடச் சொல்லுங்கள். அடுத்த மாரிக்கு முன் எமது வாவிக்கரையில் ஒரு பாடசாலையாவது அப்படி ஆரம்பித்தால் போதும், இன்ஷா அல்லாஹ்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள், முக்கியமாக வெல்டிங், மின் வேலை, கட்டட வேலை தெரிந்தவர்கள், கீழே எழுதுங்கள். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் நிற்கப் போகும் இரும்பு என்பதால், இதில் தெரிந்தவர்கள் சும்மா இருக்கக் கூடாது.